உழைப்பு உண்டு, ஊதியம் எங்கே?

உலகில் சமத்துவம் மிகுந்த நாடுகளின் வரிசையில் இந்தியா நான்காவது இடத்தில் இருப்பதாக 2025 ஜூலையில் மத்திய அரசு பெருமிதத்துடன் அறிவித்தது. உலக வங்கியின் கணக்கில் இந்தியாவின் கினி குறியீடு 25.5 என்பதே அதற்குச் சொல்லப்பட்ட ஆதாரம். ஆனால், அந்த எண் குடும்பங்களின் நுகர்வுச் செலவைக் கொண்டு கணக்கிடப்பட்டது. வளர்ந்த நாடுகள் பலவற்றுக்கோ வருமானமே அளவுகோல். வசதி படைத்தவர் வருமானத்தில் பெரும்பகுதியைச் சேமித்து விடுவதால், செலவில் தெரியும் இடைவெளி வருமான இடைவெளியைவிடக் குறைவாகவே இருக்கும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது முறையல்ல.

ஒரு குடும்பத்தில் எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதே இங்கு முக்கியமான கேள்வி. ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கூலி கிடைத்தால் குடும்பங்களிடையே ஏற்றத்தாழ்வு குறையும். வசதியான வீட்டுப் பெண்களுக்கு மட்டுமே வேலை கிடைத்தால் அது பெருகும். பெண்களின் வேலைவாய்ப்பு ஏற்றத்தாழ்வின் வளர்ச்சிக்குக் கடிவாளமிட்டது என்று பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2015-ல் தன் உறுப்பு நாடுகளைப் பற்றிக் கூறியது.

அது தானாக நிகழ்ந்ததல்ல. ஸ்வீடன் 1971-ல் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனி வருமான வரியைக் கொண்டு வந்தது. 1974-ல் பெற்றோர் இருவருக்குமான விடுப்புக் காப்பீட்டைத் தொடங்கியது. தம்பதியரின் வருமானத்தைச் சேர்த்து வரி விதிக்கும் ஜெர்மனிகூட, ஒரு வயது நிறைந்த குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் என்பதை 2013 முதல் சட்ட உரிமையாக்கியது.

இங்கோ நிலைமை வேறு. பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு விகிதம் 2017-18-ல் இருந்த 23.3 சதவீதத்திலிருந்து 2023-24-ல் 41.7 சதவீதமாக உயர்ந்தது. மகிழ்ச்சிதான். ஆனால், அதே காலகட்டத்தில் பணிபுரியும் பெண்களில் மாதச் சம்பளம் பெறுவோரின் பங்கு 21 சதவீதத்திலிருந்து 15.9 சதவீதமாகச் சரிந்தது. 2023-24-ல் 36.7 சதவீதம் பேர் குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவர்கள். அதாவது, வேலையில் இருப்பதாகக் கணக்கில் காட்டப்படும் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் கையில் காசு இல்லை. இதுபோக, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகிறார். ஆண் செலவிடுவது 88 நிமிடங்கள் என்கிறது 2024-ம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2017-ல் மகப்பேறு விடுப்பு 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இடம்பெற்றுள்ளது. எனினும், இஎஸ்ஐ வரம்புக்கு அப்பாற்பட்ட ஊழியர்களுக்கு முழுச் செலவும் நிறுவனத்தின் தலையில்தான். பெண்ணை வேலைக்கு எடுத்தால் செலவு என்று முதலாளி கருத இது வழிவகுக்கும். ஸ்வீடனில் எல்லா நிறுவனங்களும் செலுத்தும் காப்பீட்டு நிதியே இச்செலவை ஏற்கிறது.

2005-ல் நிறைவேறிய ஊரக வேலை உறுதிச் சட்டம் மூன்றில் ஒரு பங்கு வேலையைப் பெண்களுக்கு ஒதுக்கியது. அண்மை ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்ட வேலைநாள்கள் அவர்களுக்கே கிடைத்தன. அதற்கு மாற்றாக 2025 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் வேலைநாள்களை 125 ஆக உயர்த்தினாலும், பெரும்பாலான மாநிலங்கள் மீது 40 சதவீதச் செலவைச் சுமத்துகிறது. நிதியின்றி மாநிலங்கள் கை விரித்தால், முதலில் கூலியை இழப்பவர் கிராமத்து ஏழைப் பெண்ணாகவே இருப்பார்.

அரசே நடத்தும் அங்கன்வாடிகளின் பணியாளர்கள்கூட இன்னும் ஊதியம் பெறுவோர் அல்லர், மதிப்பூதியம் பெறுவோர்தாம். அவர்களை முறையான ஊழியர்களாக்கி, அங்கன்வாடிகளை நாள் முழுவதும் இயங்கும் காப்பகங்களாக மாற்றுவதும், மகப்பேறு விடுப்பின் செலவைப் பொது நிதிக்கு மாற்றுவதும் நாடாளுமன்றம் அவசரமாக விவாதிக்க வேண்டியவை. பெண்ணின் உழைப்புக்குக் கூலி கிடைக்காத வரை, தரவரிசையில் நான்காம் இடம் என்பது வெறும் காகிதப் பெருமையே!