கொடியும் தறியும்

1947 ஜூலை 22-இல் அரசியல் நிர்ணய சபை ஏற்ற தேசியக் கொடிக்கு, வண்ணங்களைப் போலவே துணியும் பொருள் தந்தது. கையால் நூற்று நெய்த கதர், அன்னியத் துணியை மறுத்த போராட்டத்தின் அடையாளம். 2021 டிசம்பர் 30-இல் கொடி விதிகளைத் திருத்திய மத்திய அரசு, இயந்திரத் துணியையும் பாலியஸ்டரையும் அனுமதித்தது. வீடுதோறும் கொடி பறக்க மலிவு விலை உதவும் என்பது உண்மையே. ஆயினும் கைத்தொழில் ஆதரவின்றி நிலைக்காது. மன்னர் பாலராம வர்மா (1798–1810) காலத்தில் தமிழ் நெசவாளர்களைக் குடியமர்த்தி ஆதரித்ததால்தான் பாலராமபுரம் கைத்தறிக்குப் பெயர் பெற்றது. மன்னராட்சி செய்ததை மக்களாட்சி மறக்கலாமா? மக்கள் விரும்பிய துணியில் கொடியேற்றட்டும். அரசு அலுவலகங்களிலேனும் கதர்க் கொடியே பறக்க வேண்டும். அதற்கான கொள்முதலை உறுதி செய்வது அரசின் கடமை.