தறிக்குழியில் நின்ற தண்ணீர்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலால் ஏற்காட்டு மலையில் கொட்டிய மழை அப்படியே திருமணிமுத்தாற்றில் இறங்கியது. சேலம் ஊருக்குள் அந்த ஆறு சுமப்பது சாக்கடையைத்தான். ஆறு நிரம்பியதும் சாக்கடை வடிய வழியில்லாமல் எதிர்த்துக்கொண்டு வீடுகளுக்குள் ஏறியது. அம்மாப்பேட்டையில் சித்தப்பா வீட்டுக் கூடம் மறுநாளே வடிந்துவிட்டது. தறிக்குழியில் மட்டும் முழங்கால் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர். நாளெல்லாம் அவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் குழி அது.

"பிளீச்சிங் பவுடர் போட்டாச்சு கண்ணு, இனிப் பயமில்லை" என்றார் சித்தி. சேற்றின் மேல் கோலமாவு மாதிரி கிடந்தது. சாக்கடை ஓரம் வெள்ளைக்கோடு இழுப்பதைப் பார்த்துப் பார்த்து வந்த நம்பிக்கை இது. குளோரின் கிருமியை மட்டும் தேடிப் போகாது. சேறு, மலம் எது எதிர்ப்பட்டாலும் அதிலேயே தீர்ந்துபோகும். மெயினை அணைத்துவிட்டு, பூட்ஸும் ரப்பர் கையுறையும் போட்டு, முதலில் சேற்றை வழித்தெடுக்க வேண்டும். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். மருந்து அதற்குப் பிறகுதான்: லிட்டருக்கு 15 கிராம் புதுப் பவுடர், கரைத்துத் தெளிந்த நீர், தரையில் அரைமணி நேரம். கக்கூஸ் ஆசிட்டை அதோடு சேர்த்துவிடாதீர்கள். எழும் குளோரின் வாயு நுரையீரலைச் சுட்டுவிடும்.

தரையைவிட எனக்குப் பயம் சம்ப்புதான். தண்ணீர் தினமும் வராத ஊரில் அதுதான் குடிநீர். சாக்கடைத் தண்ணீர் சம்ப்பின் மூடியைத் தொட்டிருந்தாலே முழுவதும் இறைத்துக் கழுவ வேண்டும். மஞ்சள் காமாலையும் டைஃபாய்டும் அந்த வழியாகத்தான் வயிற்றுக்குள் வரும்.

வெள்ளத்தில் நிரம்பிய செப்டிக் டேங்கும் ஆபத்துதான். அதற்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நச்சுவாயு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். 14420 எண்ணை அழைத்தால் லாரி வரும். கூலி குறைவென்று யாரையும் இறக்காதீர்கள், தயவுசெய்து.

அந்தத் தண்ணீரில் நின்றால் எலிக்காய்ச்சல் கால் வெடிப்பு வழியாகக்கூட ஏறும். பெரும்பாலும் ஓரிரு வாரம் கழித்துத்தான் தெரியும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால், சாக்கடைத் தண்ணீரில் நின்றதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். அவராகக் கேட்காமல் போகலாம்.

குழி காயும்வரை சித்தப்பாவைத் தறியில் உட்கார விடவில்லை. மூன்று வாரக் கூலி போயிற்று. அதை யார் கொடுப்பார்கள் என்று சித்தி கேட்டார். என்னிடம் பதில் இல்லை.