பனிமலையும் பணப்பையும்

விழா மலர் என்றால் கல்லூரியின் பழம் பெருமையைப் பேசுவதே மரபு. அம் மரபைப் பேணும் அன்பர் பலர் இம் மலரில் எழுதியிருப்பர். நாமோ பனிமலையிற் சறுக்கி விளையாடுதற்கு ஆகும் செலவைப் பற்றி எழுதப் புகுகின்றோம். வேப்பமர நிழலிலே இலக்கணம் படிப்பிக்கும் தமிழாசிரியருக்கும் பனிமலைக்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவுதல் கூடும். தொடர்பு உண்டு. நம் பழைய மாணவர் பலர் இன்று சுவிற்சர்லாந்திலே குடியிருக்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் அந்நாட்டுப் பள்ளிகளிற் பயில்கின்றனர். அவர்கள் மலைச்சாரலில் நின்று எடுத்தனுப்பும் படங்களை நம் வகுப்பு மாணவர் கைத்தொலைபேசியிற் கண்டு பெருமூச்சு விடுகின்றனர். படத்திலே பனி தெரிகின்றது, பற்றுச்சீட்டுத் தெரிவதில்லை. அப் பற்றுச்சீட்டைப் பற்றியே இங்கு சில சொல்ல விரும்புகின்றோம்.

எம்மோடு ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பர் ஒருவர் சுவிற்சர்லாந்து சென்று ஆண்டுகள் பலவாயின. தொடக்கத்தில் மலையூர் ஒன்றிலே விடுதிச் சமையலறையிற் கோப்பை கழுவினார். பனிச்சறுக்க வந்தோர் உண்ட தட்டுகளை ஆறு குளிர்காலம் கழுவியும், அவர் ஒரு நாளேனும் அம் மலைமேல் ஏறினாரல்லர். பின்னர் நகருக்குக் குடிபெயர்ந்து, மணம் முடித்து, பெண்ணொன்றும் ஆணொன்றுமாக இரு மக்களைப் பெற்றார். மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, வகுப்பு முழுவதும் ஐந்து நாள் பனிச்சறுக்கு முகாமுக்குச் செல்லும் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. செலவு எவ்வளவாகுமோ என்ற அச்சம் ஒருபுறம். கேட்டால் மானம் போகுமோ என்ற கூச்சம் மறுபுறம். நண்பர் ஒருவரிடமும் ஒன்றும் கேளாமல், “பிள்ளைக்குக் காய்ச்சல்” என்று எழுதியனுப்பிவிட்டார். நோயற்ற அப் பிள்ளை ஐந்து நாளும் வீட்டு யன்னலருகே இருந்தாள். இதனை அவரே எமக்கு எழுதினார். தம் பெயரைச் சொல்லாது ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லுமாறும் வேண்டினார்.

அவர் பட்ட அச்சம் வீண் அச்சம் என்பது பின்னரே தெரியவந்தது. 2017ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் இது குறித்து ஒரு தீர்ப்பு வழங்கியது. கட்டாயக் கல்வியின் பகுதியாக நடத்தப்படும் முகாமுக்குப் பெற்றோரிடம் அறவிடத்தக்கது, பிள்ளை வீட்டில் இல்லாமையால் மிச்சமாகும் உணவுச் செலவு மாத்திரமே என்பது அதன் சாரம். அத்தொகை பிள்ளையின் வயதுக்கேற்ப நாளொன்றுக்கு 10 முதல் 16 பிராங்கு வரை எனவும் அது குறித்தது. விரும்பினோர் மட்டும் செல்லும் முகாமுக்கு இவ் வரம்பு பொருந்தாது. ஆகவே பெற்றோர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, “இம் முகாம் கட்டாயமானதா, விருப்பத்துக்குரியதா?” என்பதே. இக் கேள்வியைக் கேட்க வாய் கூசியதால் ஒரு பிள்ளையின் ஐந்து நாள் வீணாயிற்று.

அடுத்து நண்பர் செய்த பிழை இதற்கு நேர் எதிரானது. மகளின் மனத்துயரை ஆற்றக் கருதி, மறு ஆண்டு பெப்புருவரி விடுமுறையிலே குடும்பத்தோடு பேர்போன மலையூர் ஒன்றுக்குச் சென்றார். மூவாயிரம் பிராங்கு போதும் என்பது அவர் மனக்கணக்கு. தாளில் எழுதிப் பார்த்தாரல்லர். ஊர் திரும்பிப் பற்றுச்சீட்டுகளைக் கூட்டியபோது கிடைத்த தொகை 6,360 பிராங்கு. ஏழு இரவு தங்குமிடத்துக்கு 1,900; நால்வரும் ஆறு நாள் மலையேறும் சீட்டுக்கு 1,230; புதிதாய் வாங்கிய உடைகளுக்கும் சப்பாத்துகளுக்கும் 1,350; சறுக்குக் கட்டைகளின் வாடகை 560; பிள்ளைகளின் பயிற்சிக்கு 500; மலைமேல் உணவுக்கு 640; புகைவண்டிக்கு 180. கைக்காசு போக எஞ்சியது கடனட்டையில் ஏறிற்று. அதனை வட்டியோடு கட்டி முடிக்கப் பத்து மாதம் சென்றது. அப் பத்து மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் இருந்திலர்.

இக் கணக்கை ஊன்றி நோக்குவார்க்குச் சில உண்மைகள் புலனாகும். முதலாவது, காலம். குளிர்கால விடுமுறை என்பது இரண்டாம் உலகப் போரின்போது பள்ளிகளைச் சூடாக்கும் நிலக்கரி தட்டுப்பட்டமையால் அந்நாட்டிலே பரவிய வழக்கம். இன்று அது பனிச்சறுக்கு விடுமுறையாகிவிட்டது. மாநிலங்கள் வெவ்வேறு வாரங்களில் விடுமுறை விட்டாலும், பெப்புருவரி மாதத்திலே கூட்டமும் வாடகையும் உச்சியில் நிற்கும். சனவரி நடுப்பகுதியிலோ மார்ச்சு மாதத்துச் சனிக்கிழமைகளிலோ செல்வோர் அதே மலையைக் குறைந்த செலவிற் காண்பர்.

இரண்டாவது, இடம். தாவோசு என்னும் ஊரிலே 1934ஆம் ஆண்டு பனிச்சறுக்குவோரை இழுத்தேற்றும் கம்பி இயந்திரம் நிறுவப்பட்டது. அதற்கு முன் சறுக்க விரும்பியவர் பெரும்பாலும் தம் காலாலேயே ஏறவேண்டியிருந்தது. இன்றோ பெரிய மலைகளில் வளர்ந்தவர் ஒருவரின் ஒரு நாட் சீட்டு 80 பிராங்கைத் தாண்டுவது வழக்கம். அச் சீட்டு மலை முழுவதுக்கும் உரியது. முதன்முதற் கட்டையிற் காலை வைப்பவருக்கு மலை முழுவதும் எதற்கு? நண்பரும் மனைவியாரும் முதல் மூன்று நாளும் அடிவாரத்துப் பயிற்சித் திடலைவிட்டு அகலவில்லை. நான்காம் நாள் மனைவியாரின் முழங்கால் சுளுக்கிக்கொண்டது. இருவர் சீட்டிலும் பெரும்பகுதி பயன்படாது போயிற்று. எழுத்தறியாப் பிள்ளைக்கு அரிச்சுவடியை விட்டுப் பேரகராதி வாங்கிக் கொடுத்தது போன்றதே இது. கற்கத் தொடங்குவோர்க்குச் சிற்றூர் ஒன்றின் தாழ்ந்த சரிவே சாலும்.

மூன்றாவது, வாங்குதல். வளரும் பிள்ளைக்குச் சப்பாத்து அடுத்த மாரியிற் பொருந்தாது. கட்டை, சப்பாத்து, தலைக்கவசம் ஆகியவற்றை வாடகைக்குப் பெறலாம். பிள்ளைகளுக்குப் பருவம் முழுவதற்குமாக வாடகைக்கு விடும் கடைகளும் உள. இலையுதிர்காலத்திலே பழைய கட்டைகளும் உடைகளும் கைமாறும் சந்தைகள் பல ஊர்களிற் கூடுகின்றன. உடையில் நோக்கவேண்டியது நனையாமை ஒன்றே. பருத்தி உடை ஈரத்தை உறிஞ்சி உடம்பைக் குளிர்விக்கும். வாடகைப் பொருளிலும் சப்பாத்தின் அளவில் மட்டும் சிக்கனம் பாராட்டலாகாது. தளர்ந்த சப்பாத்துக் கட்டையை அடக்காது. இறுகிய சப்பாத்துக் காலை வருத்தும். ஒற்றைப் பலகையில் நின்று சறுக்கும் ஸ்னோபோட்டு விளையாட்டை இளைஞர் பெரிதும் விரும்புவர். 1998ஆம் ஆண்டு நகானோ ஒலிம்பிக்கில் இடம்பெற்ற விளையாட்டு அது. செலவு ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் புதியவர் விழும்போது கையை ஊன்றுவதால் மணிக்கட்டு முறிதல் மிகுதி. ஆகவே மணிக்கட்டுக் காப்புக்கும் கணக்கில் இடம் வைத்தல் வேண்டும்.

நான்காவது, பயிற்சி. பலர் இதனையே முதலில் வெட்டுவர். எமது கருத்தில் இறுதிவரை வெட்டத்தகாத செலவு இது. ஆசிரியராதலின் இவ்வாறு சொல்கின்றோம் என்று கருதவேண்டா. நிற்கத் தெரியாதவன் சரிவிலே தனக்கு மட்டுமன்றிப் பிறர்க்கும் இடராவான்.

ஐந்தாவது, விபத்து. ஒரு முதலாளியிடம் வாரத்துக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாது வேலை செய்வோர்க்கு, வேலைக்கு வெளியே நேரும் விபத்துக்கும் அந்நாட்டுச் சட்டப்படி காப்புறுதி உண்டு. பிள்ளைகளும் வேலைக்குச் செல்லாத மனைவியரும் நோய்க் காப்புறுதியையே நம்பியிருப்பர். அடிப்படைக் காப்புறுதி மலையிலிருந்து மீட்கும் செலவிற் பாதியையே, அதுவும் ஆண்டுக்கு 5,000 பிராங்குக்கு மேற்படாது, பொறுக்கும். 1952ஆம் ஆண்டு தோன்றிய றேகா என்னும் வான்வழி மீட்புச் சங்கத்துக்கு ஆண்டுதோறும் சிறு தொகை கொடுத்து ஆதரவாளரானோர்க்கு, பிற காப்புறுதி பொறுக்காத மீட்புச் செலவைத் தள்ளுபடி செய்யும் வழக்கத்தை அச் சங்கம் வைத்திருக்கின்றது. பயணத்துக்கு முன் பத்திரங்களை எடுத்து ஒருமுறை வாசித்தல் நன்று.

மலையேறும் சீட்டை முன்கூட்டி வாங்கினால் மலிவு என்பர். பல மலைகளில் அது மெய்யே. ஆயினும் முன்கூட்டி வாங்கிய சீட்டுக்குப் பல இடங்களிற் பணம் மீளாது. தாழ்ந்த மலைகளில் பனி முன்போல் உறுதியாக விழுவதுமில்லை. பனியும் பிள்ளையின் உடல்நலமும் நம் கையில் இல்லை. மலிவு எவ்வளவு, இழக்கக்கூடியது எவ்வளவு என்று இரண்டையும் எழுதிப் பார்த்தே துணிதல் வேண்டும்.

நண்பர் கடனைத் தீர்த்தபின் மறு மாரியில் மீண்டும் சென்றார். இம் முறை மகளின் கையிலே கொப்பியையும் பேனையையும் கொடுத்தார். வீட்டிலிருந்து ஒன்றரை மணிப் பயணத்தில் உள்ள சிற்றூர்; நான்கு சனிக்கிழமை; இரவு தங்கலில்லை. பிள்ளைகளுக்குப் பருவ வாடகை, நண்பருக்கு இரு நாள் வாடகை, மனைவியாருக்கு அயல்வீட்டார் தந்த சறுக்குவண்டி. கட்டுச்சோறும் சுடுநீர்ப் போத்தலும் கூடவே சென்றன. மலையிலே கட்டுச்சோற்றை அவிழ்க்க நாணியிருந்த நண்பர், அருகிலே அந்நாட்டுக் குடும்பம் ஒன்று பையிலிருந்து பாணும் பாற்கட்டியும் எடுத்து உண்பதைக் கண்டு தாமும் பொதியை அவிழ்த்தார். நான்கு நாட்கும் சேர்த்து மகள் எழுதிய மொத்தம் 1,476 பிராங்கு. எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கிய 150 பிராங்கு அப்படியே திரும்பிவந்தது. நான்காம் சனியன்று மகள் நீலக்குறியிட்ட இலகு பாதையில் மேலிருந்து கீழ்வரை விழாது வந்தாள். அன்றிரவு புகைவண்டியிலே நண்பர் அந்தக் காய்ச்சல் கடிதத்தைப் பற்றி அவளிடம் சொல்லி வருந்தினார். “எனக்கு அப்போதே தெரியும், அப்பா” என்றாளாம்.

“நமக்கு ஏன் இந்தப் பனி விளையாட்டு? வெயிலில் பிறந்தவர் வெயிலில் இருக்கலாமே” என்பார் சிலர். பிள்ளை பிறந்த மண் அது. உடன் படிப்போர் பேசும் பேச்சிலும் பாடும் பாட்டிலும் அம் மலை இருக்கின்றது. அதனைப் பிள்ளைக்கு மறுப்பது, பண்ணைக் கடலருகே பிறந்தவனைக் கடலிற் கால் நனைக்கவேண்டா என்பதனை ஒக்கும். வேறு சிலர், “வாழ்நாளில் ஒருமுறை செல்வதற்குக் கணக்கு எதற்கு?” என்பர். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. ஒருமுறை என்று தொடங்கிய கடன் ஒருமுறையோடு நிற்பதில்லை. கணக்கின்றிச் சென்றபோது நண்பருக்குக் கிட்டியது ஒரு வாரம். கணக்கோடு சென்றபோது ஆண்டுதோறும் செல்லும் வழி கிட்டிற்று.

வீட்டுக் கணக்கைப் பிள்ளைகளுக்கு மறைப்பது நம்மவரிடையே நெடுங்காலப் பழக்கம். வறுமை தெரிந்தால் பிள்ளை மனம் ஒடியும் என்று அஞ்சுகின்றோம். பிள்ளைகளோ நாம் மறைப்பதையும் அறிவர். மறைக்கின்றோம் என்பதையும் அறிவர். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வரவையும் செலவையும் காட்டி, “இவ்வளவே உண்டு, இதற்குள் என்ன செய்வோம்?” என்று கேட்டால், அது நாம் எண்ணுவதிலும் நன்றாக விடை சொல்லும். எமது வகுப்பறை அனுபவமும் இதுவே.

இம் மலரை வாசிக்கும் மாணவர்க்கு ஒரு சொல். அடுத்த முறை பனிமலைப் படம் கண்டால் மகிழுங்கள். அப் படத்துக்குப் பின்னால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை உழைப்பு உண்டு என்பதையும் எண்ணிப் பாருங்கள். கடல் கடந்து வாழும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். ஊருக்குப் படம் அனுப்பும்போது கணக்கையும் அனுப்புங்கள். கேட்கக் கூசிப் பொய்க் காய்ச்சல் எழுதும் தந்தையர் இன்னும் பலர் இருத்தல் கூடும். உங்கள் கொப்பியின் ஒரு பக்கம் அவர்களுள் ஒருவருக்கேனும் வாய் திறக்கும் துணிவைத் தருமாயின், இக் கட்டுரையை எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.