பாட்டியின் பெயரில் ஓர் இசைத்தொகுப்பு



நம் வானூர் வாலிபர் கேட்கும் ராப் பாடல்கள் சபைக்கு ஆகாதவை என்று உங்களில் மூத்தோர் சிலர் வருந்துகிறீர்கள். அரக்கோணத்துக் கலைஞர் அறிவு 2024இல் வெளியிட்ட ‘வள்ளியம்மா பேராண்டி’ என்னும் தனி இசைத்தொகுப்பைக் கேட்டபின் நியாயந்தீருங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் பெயரையே அதற்குச் சூட்டியிருக்கிறார். (தாளம் உரத்ததுதான், முதலில் எனக்கும் காது வலித்தது.) தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பவுலும் அவன் பாட்டி லோவிசாளைப் பெயர் சொல்லியே நினைவுகூருகிறார். மரக்காணம் உப்பளங்களில் பாதம் வெடிக்க உப்பு வாரிய நம் பாட்டிமாரின் பெயரை நாம் எந்தப் பாட்டில் வைத்தோம்? வரும் ஞாயிறு ஆராதனைக்குப்பின் வாலிபர் அத்தொகுப்பை ஒலிக்கச் செய்வார்கள். மூத்தோர் எழுந்துபோகாமல் அமர்ந்து கேட்கும்படி வேண்டுகிறேன்.