இவ்விடம் யாவரும் க்ஷேமம்

புதுச்சேரியில் எங்கள் தலைமுறைக்குச் சொல்தா வீடு என்றால் விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தவர் சைகோனிலோ அல்ஜீரியாவிலோ இருப்பார். வீட்டார் திண்ணையில் தபால்காரரை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீடும் அப்படித்தான். சித்தப்பா 1959-இல் அல்ஜீரியா போனார். விலாசத்தில் ஊர்ப் பெயர் கிடையாது. பெயர், படைப்பிரிவு, பிறகு 'எஸ்.பே.' என்று போட்டு ஓர் எண், அவ்வளவுதான். 'செக்தர் போஸ்தால்' என்பதன் சுருக்கம் அது. கடிதத்தைத் தாத்தா தமிழில் எழுதுவார். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் உறைமேல் விலாசம் எழுதுவது என் வேலை.

எல்லாக் கடிதமும் "இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்திற்கு எழுதவும்" என்றுதான் தொடங்கும். 1960-இல் ஆயா காலமான பிறகும் அப்படியே தொடங்கியது. துப்பாக்கி பிடித்து நிற்கிறவனுக்கு இதை எழுதக் கூடாது, மனம் கலங்கினால் அவன் உயிருக்கே ஆபத்து, எப்படியும் அவனால் வர முடியாது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அங்கே நடந்தது போர். அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது.

ஆனால் சித்தப்பா ஒவ்வொரு கடிதத்திலும் ஆயாவை விசாரித்தார். கால் வலிக்கு என்ன தைலம் தடவுகிறீர்கள் என்று கேட்டார். விடுப்பில் ஊர் திரும்பிய ஒருவரிடம் ஆயாவுக்குக் கம்பளிச் சால்வை கொடுத்தனுப்பினார். ஆயா போய் நாலு மாதம் ஆகியிருந்தது. "சால்வை கிடைத்தது, அம்மாவுக்குச் சந்தோஷம்" என்று பதில் போனது.

1961 கடைசியில் விடுப்பில் வந்தவர், கூடத்தில் மாலை போட்ட படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். யாரையும் திட்டவில்லை. பெட்டியிலிருந்து எங்கள் கடிதங்களை எடுத்தார். தேதி பார்த்து, ஆயா இருந்தபோது வந்தவை, பிறகு வந்தவை என்று இரண்டு கட்டாகப் பிரித்தார். இரண்டாவது கட்டைத் தாத்தாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு நாங்கள் க்ஷேமம் என்று எழுதினால், தெருவில் இருந்த நண்பருக்குத் தனியாக எழுதி, உண்மைதானா என்று கேட்பார்.

இத்தனைக்கும் துக்கம் சொல்ல நம்மிடம் முறை இருந்தது. சுப காரியக் கடிதத்தின் மூலைகளில் மஞ்சள் தடவுவோம். சாவுச் செய்தி என்றால் கறுப்பு மை. படித்ததும் கிழித்துப் போட வேண்டும். பிரெஞ்சுக்காரர்களும் கறுப்பு ஓரமிட்ட தாளில்தான் மரணம் அறிவிப்பார்கள். (நாமும் அவர்களும் ஒத்துப்போன விஷயங்கள் சிலவற்றுள் இது ஒன்று.) உறையைப் பார்த்ததுமே மனம் தயாராகிவிடும்.

இப்போது கடிதம் இல்லை, கைப்பேசியில் முகம் பார்த்தே பேசுகிறோம். ஆனாலும் "அவனுக்குப் பரீட்சை, சொல்லாதே", "அவள் பிள்ளைத்தாய்ச்சி, சொல்லாதே" என்பது அப்படியே இருக்கிறது. பிரான்சிலிருந்து மகன் கூப்பிட்டால், "அப்பா தூங்குகிறார்" என்று கேமராவை வேறு பக்கம் திருப்புகிறார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பார்.

ஒரு நாள், இரண்டு நாள் பொறுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அங்கே பக்கத்தில் ஒரு நண்பர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சொல்லிவிடுங்கள். வர முடியாதவருக்கும் இருக்கிற இடத்திலேயே தலை முழுகவும், ஒரு வேளை சாப்பிடாமல் கிடக்கவும், அழவும் உரிமை உண்டு. சித்தப்பாவுக்கு அந்த ஒரு நாளைக்கூட நாங்கள் கொடுக்கவில்லை.