அவர்கள் மௌனம் காக்கவில்லை

நாஜிகளின் இனப்படுகொலையான ஹோலோகாஸ்டில் உயிர்தப்பிய யூதர்களைப் பற்றி ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. பல்லாண்டுகள் வாய் திறக்காதிருந்தார்களாம். முதுமையில்தான் பேரப்பிள்ளைகளிடம் மனம்விட்டுப் பேசினார்களாம். உருக்கமான கதைதான், ஆனால் வரலாறு அப்படியில்லை. யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் இருந்தபோதே வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கல்பிளமும் தோழர்களும் நாட்குறிப்புகள், கடிதங்கள், சுவரொட்டிகள் என எல்லாவற்றையும் திரட்டித் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் புதைத்துவைத்தார்கள். 1946-இலும் 1950-இலும் தோண்டியெடுக்கப்பட்டவை சுமார் 35,000 பக்கங்கள். போர் ஓயும் முன்பே, 1944-இல், போலந்தின் லூப்ளினில் உயிர்தப்பியவர்கள் தாங்களே ஒரு வரலாற்று ஆணையம் அமைத்தார்கள். சில ஆண்டுகளில் அது ஏறத்தாழ 7,000 வாக்குமூலங்களை எழுதிவாங்கியது. சிறுவர் சிறுமியரைக்கூட விட்டுவிடவில்லை. 1946-இல் உளவியலாளர் டேவிட் போடர் ஒலிப்பதிவுக் கருவியுடன் ஐரோப்பிய அகதி முகாம்களுக்குப் போனபோது, நூற்றுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பேசினார்கள்.

பேசியவர்களுக்குக் கிடைத்த வரவேற்பைப் பாருங்கள். இத்தாலிய எழுத்தாளர் பிரிமோ லெவி தன் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் அனுபவத்தை எழுதியபோது எய்னாவுடி பதிப்பகம் அதை மறுத்துவிட்டது. 1947-இல் ஒரு சிறு பதிப்பகம் 2,500 படிகள் அச்சிட்டது. அதே எய்னாவுடி அந்நூலை ஏற்று வெளியிட 1958 வரை ஆயிற்று. 1961-இல் ஜெருசலேமில் நாஜி அதிகாரி ஐக்மன் மீதான விசாரணையில் நூறு பேருக்கு மேல் சாட்சி சொன்ன பிறகே உலகம் செவிசாய்த்தது. மாறியது கேட்டவர்கள்தான்.

‘எங்கள் வீட்டில் தாத்தா ஒரு சொல்கூடச் சொன்னதில்லையே’ என்று பல குடும்பத்தார் மறுப்பார்கள். அது பொய்யில்லை. பிள்ளைகளின் பிஞ்சு மனத்தைக் காக்க நினைத்து அடக்கிக்கொண்டவர்கள் ஏராளம். அவர்களிலும் பலர் ஊர்க்காரர் சங்கங்களில் கூடிப் பேசினார்கள். அழிந்த தம் ஊர்களுக்காக யித்திஷிலும் எபிரேயத்திலும் நூற்றுக்கணக்கான நினைவு நூல்களை எழுதினார்கள். வீட்டுக்குள் நிலவிய மௌனத்தை ஒரு தலைமுறையின் மௌனமாக்குவது அநீதி. அதில் ஒரு வசதியும் ஒளிந்திருக்கிறது: அவர்கள் பேசவில்லை என்றால், கேட்க மறுத்தவர்கள் பதில் சொல்லவே வேண்டியதில்லை.

குடும்பக் கதைகளை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டாம் என்பதல்ல என் வாதம். பேரப்பிள்ளைகள் சொல்லும் கதையில் ஒரு முகம் இருக்கிறது, ஒரு பெயர் இருக்கிறது. மாணவர் மனத்தில் அது தங்கும். ஆனால் அது அறுபது ஆண்டு நினைவில் ஊறி வந்த சொல். அதோடு, காயம் ஆறுமுன் சொல்லப்பட்ட 1940-களின் வாக்குமூலங்களையும் ஆசிரியர்கள் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். அன்று உலகம் ஏன் செவிசாய்க்கவில்லை என்று மாணவர்களிடம் கேட்க வேண்டும். லூப்ளினில் தொடங்கிய அந்தத் தொகுப்பு வார்சாவின் யூத வரலாற்று நிறுவனத்தில் இன்றும் இருக்கிறது.