வில்லன் வேஷம் போடலாம், கேட்டுவிட்டுப் போடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் எடுத்தவுடன் வீட்டுப் பிள்ளைகள் தேடிப் போவது கேம்களைத்தான். இவற்றில் ரோல் பிளேயிங் கேம் என்று ஒரு வகை உண்டு. ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக் கொண்டு, பல ஊர்க்காரர்கள் சேர்ந்து, டைப் செய்தே ஒரு கதையை வளர்ப்பார்கள். கதை என்றால் வில்லனும் வேண்டுமே! கொலை, சித்திரவதை, பெண்ணை அவமானப்படுத்துவது என்று கதை திரும்பும்போதுதான் சிக்கல்.

"இதெல்லாம் கூடாது, தடை செய்" என்பார் சிலர். "கதைதானே, என்ன கெட்டுவிட்டது?" என்பார் வேறு சிலர். இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து.

எங்கள் கிளியனூர், மரக்காணம், திண்டிவனம் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். சேலையைப் பிடித்து இழுக்கும் துச்சாதனனை விடக் கொடிய வேஷம் எது? அதை யாரும் தடை செய்யவில்லை. ஆனால் அந்த வேஷம் கட்டுபவர் அம்மனைக் கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டு நடிக்கும் வழக்கம் உண்டு. என்ன காட்சி வரப்போகிறது என்பது கூட்டத்துக்கும் முன்பே தெரியும். நடுவில் கட்டியங்காரன் கதையை விட்டு வெளியே வந்து நம்மிடமே பேசுவான். கொடுமை உண்டு; கூடவே வேலியும் உண்டு.

வேலி இல்லாவிட்டால் என்ன ஆகும்? லாம்டாமூ என்பது படமே இல்லாத, எழுத்தாலேயே ஆன ஆன்லைன் உலகம். 1993-ல் அங்கே மிஸ்டர் பங்கிள் என்ற கேரக்டர், ஒரு புரோகிராம் உதவியுடன் மற்றவர்களின் கேரக்டர்களை அவர்கள் சம்மதம் இல்லாமலே ஆட்டிவைத்து, பாலியல் வன்முறைக் காட்சிகளை எழுதியது. பாதிக்கப்பட்ட ஒரு பெண் நிஜமாகவே கண்ணீர் விட்டதை ஜூலியன் டிபெல் அதே ஆண்டு டிசம்பரில் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் எழுதினார். திரையில் இருந்தது வெறும் எழுத்துதான். வலித்தது மனிதருக்கு. அதன் பிறகுதான் அங்கே மனு, வாக்கெடுப்பு என்று விதிமுறைகள் வந்தன.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலில், ஆட்டம் தொடங்கும் முன்பே "இது வேண்டவே வேண்டாம்", "இது நடந்ததாகச் சொன்னால் போதும், விவரிக்க வேண்டாம்" என்று இரண்டு பட்டியல் போட்டுக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, உங்கள் வில்லன் எதையும் முயற்சி செய்யலாம். அடுத்தவர் கேரக்டருக்கு என்ன ஆனது என்பதை அந்தக் கேரக்டருக்கு உரியவர்தான் எழுத வேண்டும்.

மூன்றாவது, கட்டியங்காரன் போல வெளியே வந்து பேச ஒரு வழி வேண்டும். இரட்டை அடைப்புக்குறிக்குள் டைப் செய்தால் அது கேரக்டர் பேச்சல்ல, ஆளின் பேச்சு என்று பலரும் வைத்துக் கொள்கிறார்கள். அதில் ஒருவர் "நிறுத்து" என்றால் காரணம் கேட்காமல் நிறுத்துங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வில்லனாக எழுதுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எதிரே எழுதுபவர் யார், என்ன வயது என்று கேளுங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரிடம் யாராவது பாலியல் காட்சி எழுதச் சொன்னால் அது விளையாட்டே இல்லை. சாட்டை அழிக்காமல் சேமித்து வைத்து, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

வேஷம் எவ்வளவு கொடியதாகவும் இருக்கலாம். அதைப் போட்டிருப்பவருக்கு எதிரே இருப்பவர் மீது மரியாதை இருந்தால் போதும்.